ஏழாம் அதிகாரம்: தாய், தந்தை, அரியணை

பிறர் படைத்த மாயாஜால உலகமொன்றில் மனத்தைப் பறிகொடுத்து, அதன் மீது அபிமானம் கொண்டு, தாமும் அவ்வுலகத்தில் ஒரு கதை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர். ஆகையால் அவர்கள் கதைகளில் இளவரசனும் இளவரசியும், வாள்வீரனும் மந்திரக்காரியும் இரத்தமும் சதையுமாக நடமாட, அவர்களைப் பெற்றவர்களும் ஆளுகிறவர்களும் மட்டும் கதாநாயகன் வந்து கேட்கும்போது சம்மதம் தருவதற்கோ மறுப்பதற்கோ வாய் திறந்துவிட்டு, அவன் அறையை விட்டு வெளியேறியதும் உயிரற்றுப் போய்விடுகிறார்கள். ரசிகர் புனைகதைகளில் காணப்படும் குறைகளில் இதைவிடப் பெரியது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அதை நீக்கிக்கொள்ளும் மார்க்கத்தைச் சற்று விஸ்தாரமாகவே இந்த அதிகாரத்தில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பிரதேசத்தில் வேலை செய்துகொண்டு, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகும் கைபேசியில் தொடர்கதை படிக்கிற, எழுதுகிற இளைஞர்களையும் யுவதிகளையும் மனத்தில் வைத்தே இந்நூலை எழுதுகிறேன். வல்லம் வடகாலில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்க இடமிருக்கிறது. அதற்கு வெளியே வாடகை அறைகளில் இருக்கிறவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், பெற்றோரைக் கண்ணால் காண்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றாகி, மற்ற நாட்களில் அவர்களைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிகிற ஒரு தலைமுறை இங்கே குடியேறியிருப்பது விளங்கும். பெற்றோர் கதையின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்துகொண்டு, அப்படியிருந்தும் ஒவ்வொரு தீர்மானத்தையும் பாதிப்பது எப்படி என்பதை இவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். ஆகையால் இந்த வித்தை இவர்களுக்குக் கைவராது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

பிறர் கதையை எடுத்து மேலே எழுதுவது ஏதோ மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய பழக்கம் என்று நினைப்பவர்கள் அல்லியையும் பவளக்கொடியையும் மறந்துவிட்டவர்கள். வியாசருடைய பாரதத்தில் அல்லியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை. ஆயினும் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கிவரும் அல்லி அரசாணி மாலையும், பவளக்கொடி மாலையும், புலந்திரன் களவு மாலையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சாகித் தமிழ்நாட்டுத் திண்ணைகளிலெல்லாம் ஓதப்பட்டன. சங்கரதாஸ் சுவாமிகள் அவற்றை நாடகமாக்கினார். 1934-இல் தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் ‘பவளக்கொடி’யில்தான். அர்ச்சுனன் மீது பிரியம் கொண்ட தமிழ்நாட்டுப் பாமரர், அவனை மதுரைக்கு வரவழைத்து, பாம்பாக உருமாற்றி, தனியரசு செலுத்தும் ஒரு பெண்ணின் மஞ்சத்தில் கொண்டுபோய்விட்டுப் பார்த்த மாயாஜாலம் அது.

அந்த வரிசையில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. முதற்கதையில் ஆடவர் எவரையும் மதியாத அரசியாக, கதையின் நடுநாயகமாக விளங்கிய அல்லி, அடுத்த கதையில் புலந்திரனுக்குத் தாயாகி ஓரத்துக்குப் போய்விடுகிறாள். பிள்ளை விளையாடப் பவளத்தேர் கேட்கிறான். அதைத் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கேட்பவர் மனத்திலோ, தூக்கத்தில் தன் கழுத்தில் தாலி ஏறியது கண்டு வெகுண்டெழுந்த பழைய அல்லி இன்னும் இருக்கிறாள். ஆகையால் அவள் இரண்டாம் கதையில் பேசும் பேச்சு கொஞ்சமேயானாலும் அதன் பின்னால் ஒரு முழுக்கதையின் கனம் நிற்கிறது. உங்கள் கதையில் வரும் அரசியும் இப்படித்தான் ஒரு காலத்தில் தன் கதைக்குத் தானே நாயகியாக இருந்திருப்பாள். அந்தக் கதை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசகருக்கு அதைச் சொல்லியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்து முடிந்தபோது, பாத்திரங்களுக்குப் பின்னால் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியர் தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆவல் அடங்கவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்னும் நாவலில் அக்கதையை மேலே நடத்திச் சென்றார். இன்றும் கைபேசியில் எழுதும் இளைஞர்கள் வந்தியத்தேவனையும் குந்தவையையும் விடுவதாயில்லை. ஆனால் அவர்களுடைய கதைகளில் சுந்தர சோழர் என்ன ஆகிறார் என்று பார்த்தால், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர் என்பதற்கு மேல் ஒன்றுமில்லாமற் போகிறார்.

மூலத்தில் அவர் அப்படியில்லை. காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலையோடு வந்தியத்தேவன் தஞ்சை அரண்மனையில் அவரைக் காணும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால்கள் வழங்காத சக்கரவர்த்தி. காஞ்சியில் தான் கட்டிய பொன் மாளிகைக்கு வந்து தங்கும்படி அழைக்கும் மகனின் ஓலை. கோட்டைக் காவலைத் தம் கையில் வைத்திருக்கும் சின்ன பழுவேட்டரையர் எந்த நிமிஷமும் உள்ளே வந்துவிடக்கூடிய அபாயம். வாலிபன் அவசரமாக ‘அபாயம்’ என்று எச்சரிக்க, அது கோட்டைத் தலைவர் செவியில் விழுந்துவிடவே, ‘அபயம்’ என்றுதான் சொன்னேன் என்று சமாளிக்கிறான். ஒரு பேரரசின் அதிபதி, தம் சொந்த மகன் அனுப்பிய தூதனிடம், தம் சொந்த அறையில், மனம்விட்டு நாலு வார்த்தை பேச இயலவில்லை! அதிகாரமெல்லாம் பெயரளவில் அவரிடம் இருக்கிறது. பொக்கிஷம் ஓர் அண்ணனிடமும் கோட்டைச் சாவி அவன் தம்பியிடமும் இருக்கின்றன. இவை போதாவென்று, இளமையில் தாம் நேசித்து, இறந்துவிட்டதாக எண்ணிய ஊமைப் பெண்ணொருத்தியின் ஆவி தம்மை வருத்துவதாக அவர் இரவெல்லாம் கலங்குகிறார். அந்தத் துயரத்துக்கும் வந்தியத்தேவனின் சாகசத்துக்கும் ஆரம்பத்தில் யாதொரு சம்பந்தமும் இல்லை. கதாநாயகன் உள்ளே வருவதற்கு முன்பே அவருடைய அறையில் ஒரு கதை நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் இரகசியம்.

எனவே, அரசனைப் பற்றி நீங்கள் முதலில் தீர்மானிக்கவேண்டியது அவனால் எது முடியும் என்பதல்ல, எது முடியாது என்பதே. மாயாஜாலக் கதையில் இதற்கு இருமடங்கு அவசியம் உண்டு. சக்கரவர்த்தியிடம் ஆயிரம் யானையும் மந்திரக்கோலும் இருக்கையில், பதினேழு வயதுப் பையன் எதற்காக அரக்கனைத் தேடிக் காட்டுக்குப் போகவேண்டும் என்று வாசகன் கேட்டே தீருவான். அரசர் அந்தச் சமயத்தில் வெளியூர் போயிருந்தார் என்று எழுதுவது தப்பித்துக்கொள்ளும் உபாயம். வயோதிகம், பழைய சத்தியம், மந்திராலோசனை சபையின் எதிர்ப்பு, மந்திரத்தைப் பிரயோகித்தால் கொடுக்கவேண்டிய விலை என்று காரணங்கள் எத்தனையோ உண்டு; எந்தக் காரணமானாலும் அது அவனை உள்ளூர வாட்டுவதாக இருக்கவேண்டும்.

‘பாகுபலி’ படங்களில் வரும் சிவகாமி தேவியைப் பலரும் எழுதுகிறார்கள். அவளைக் கம்பீரமாகப் பேசவைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அவளுடைய கம்பீரமே அவளுக்கு விலங்காகிறது என்பதல்லவா விஷயம்? தன் வாக்கே சட்டம் என்று நாட்டை ஆண்டவள், தவறாக நம்பி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெற முடியாமல் வளர்த்த பிள்ளையையே கொல்லச் சொல்லும் நிலைக்கு வந்து சேர்கிறாள். உண்மை தெரிந்த பிறகு அவள் செய்யக்கூடியதெல்லாம் கைக்குழந்தையை அரசனாக அறிவித்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான். முதற்படம் வெள்ளத்துக்கு மேல் குழந்தையை ஏந்திய கையோடு தொடங்குவது அதனால்தான் நெஞ்சைத் தொடுகிறது.

மேல்நாட்டுக் கதைகளில் டோல்கீனின் உலகம் இந்தப் பாடத்துக்கு மிகவும் உகந்தது. கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோர் இளைய மகன் பாராமிரிடம் காட்டும் கொடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை வெறும் வில்லனாக்கிவிடுவது ரசிகர்களிடையே பெருவழக்கு. அவர் அரசர் அல்லர், என்றேனும் அரசன் திரும்பி வரும்வரை அரியணையைக் காக்கும் பரம்பரையில் வந்தவர் என்பதையும், மூத்த மகனைப் பறிகொடுத்தவர் என்பதையும், காட்சிக்கல்லுக்குள் பார்த்துப் பார்த்துப் பகைவனின் பலம் ஒன்றையே கண்டு நம்பிக்கை இழந்தவர் என்பதையும் நினைவில் வைத்து எழுதினால், அதே கொடுஞ்சொற்கள் வேறுவிதமாக ஒலிக்கும். எல்ரோண்டின் விஷயம் இன்னும் உருக்கமானது. இரண்டு இராஜ்ஜியங்களுக்கு அரசனானாலொழிய என் மகளை மணக்க முடியாது என்று அவர் அரகோர்னிடம் சொல்வது மேலோட்டத்தில் பணக்கார மாமனார் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் மகள் ஆர்வென் ஒரு மானிடனை மணந்தால் மரணமின்மையைத் துறந்து அவனைப் போலவே மாண்டுபோவாள்; தந்தைக்கு அவளோடு நித்தியமான பிரிவு ஏற்படும். சம்மதித்தால் இந்தத் தந்தை இழப்பது என்ன என்ற கேள்விக்கு டோல்கீனிடம் விடை இருக்கிறது. உங்கள் கதையில் வரும் ஒவ்வொரு தந்தைக்கும் அப்படி ஒரு விடை இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதிப்பதிலோ மறுப்பதிலோ எதையும் இழக்காத பெரியவர் கதைக்கு வேண்டியதே இல்லை.

சிற்றரசர்களுக்கும் தளபதிகளுக்கும் மாதிரி தேடி நீங்கள் வெகுதூரம் போகவேண்டாம். உங்கள் லைனில் நின்று அதட்டுகிற லைன் லீடரைக் கவனியுங்கள். காலையில் மேலிருந்து வந்த டார்கெட்டை அவர் தம்முடைய குரலில் சொல்கிறார். நேற்றுவரை அவரும் உங்களைப் போல் நின்று வேலை செய்தவர். மாலையில் எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. கட்டளை பிறப்பது ஓரிடம், ஒலிப்பது வேறிடம் என்பதை இப்படிக் கண்ணால் கண்டவர் எழுதும் பாளையத் தலைவன் உயிருள்ளவனாக இருப்பான்.

பெற்றோரைப் பற்றிச் சொல்லும்போது ஆட்சியதிகாரத்தைவிட ஒளித்துவைத்தல் பிரதானமாகிறது. செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் அறையெடுத்து இருக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது தாயார் போனில் வருகிறார். “பணம் ஒண்ணும் அனுப்பாதடி, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ உடம்பப் பாத்துக்க” என்கிறார். வழக்கமாக அந்த நேரத்தில் பின்னால் கேட்கும் மாட்டின் கழுத்துமணி இன்றைக்குக் கேட்கவில்லை. மாடு விற்றாகிவிட்டது என்பது மகளுக்குத் தெரிந்துபோகிறது. தெரிந்ததை அவளும் சொல்லவில்லை. “சரிம்மா” என்று வைத்துவிடுகிறாள்.

இதை அப்படியே மந்திர உலகத்துக்குக் கொண்டுபோகலாம். முற்றுகையிடப்பட்ட கோட்டையிலிருந்து அரசி, கடல் கடந்து போன மகனுக்குக் கிளியின் காலில் ஓலை கட்டி அனுப்புகிறாள். கோட்டையில் யாவரும் க்ஷேமம், நீ போன காரியத்தை முடித்துவிட்டு வா என்று எழுதியிருக்கிறாள். மகன் ஓலையைத் திருப்பிப் பார்க்கிறான். அது பாட்டனார் காலத்துத் தான சாசனத்தின் நறுக்கு. எழுதுவதற்குப் புது ஓலைகூட இல்லாத அளவுக்குக் கோட்டையில் பஞ்சம் என்று அவனுக்கு அந்தக் கணமே புரிகிறது. அரசி ஒரு வரிகூடப் புலம்பவில்லை. ஆனாலும் அந்த அத்தியாயத்தில் அவளே மேலோங்கி நிற்பாள்.

இன்னும் ஓர் உதாரணத்தை முழுமையாகவே எழுதிக் காட்டுகிறேன். சரித்திரத்தில் சுந்தர சோழர் உயிர் நீத்தது காஞ்சிப் பொன் மாளிகையில்தான். ‘பொன் மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டுகள் அவரைக் குறிப்பிடுகின்றன. கரிகாலன் கொலையுண்ட பிறகு அவர் அங்கு வந்து சேர்ந்ததாகவும், அந்த மாளிகையின் வடபுறத்து அறையில் ஒரு மந்திரச் சுவர் இறந்தவர்களின் குரலைத் திருப்பித் தருவதாகவும் நாம் கற்பனை செய்துகொள்வோம். கொன்றவன் யாரென்று அறிய, அறையைத் திறந்துவிடும்படி மகள் குந்தவை கேட்கிறாள். பலரும் எழுதக்கூடிய விதம் இது: அரசர் கோபத்தோடு நிமிர்ந்து, “கூடாது! அந்த அறையை எவரும் திறக்கலாகாது. இது என் ஆணை!” என்கிறார், இளவரசி இரவில் சாவியைத் திருடுகிறாள். கதை நகர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அரசருக்குப் பதிலாக அங்கே ஒரு பூட்டு இருந்திருந்தாலும் அவ்வளவேதான் நடந்திருக்கும்.

வேறுவிதமாக எழுதிப் பார்ப்போம். கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணைச் சுந்தர சோழர் கையசைத்து வெளியே அனுப்புகிறார். அவள் போய்க் கதவு சாத்தும்வரை பேசவில்லை. பிறகு சொல்கிறார்: “அந்த அறைக்கு நான் நேற்றிரவே போய்விட்டு வந்தேன், அம்மா. நாலு பேர் சுமந்துகொண்டு போனார்கள். கொன்றவன் பெயரை அவன் சொல்லவில்லை. ‘மாளிகை கட்டி முடிந்துவிட்டது, அப்பா எப்போது புறப்படுகிறார்’ என்று யாரோ ஒரு தூதனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். விடியும்வரை அதையேதான் கேட்டான். நீ அங்கே போகவேண்டாம்.”

இப்போதும் அவர் மறுக்கத்தான் செய்கிறார். இப்போதும் குந்தவை சாவியைத் திருடலாம். ஆனால் திருடும்போது அவள் கை நடுங்கும். ஆணையிட உரிமை படைத்தவர் ஆணையிடாமல் வேண்டிக்கொள்கிறார் என்பதில் அரசர் மறைந்து தந்தை வெளிப்படுகிறார். மகன் உயிரோடிருந்து அழைத்தபோது போகமுடியாமற் போனவர், அவன் இறந்த பின் போயிருக்கிறார் என்பது மூலக்கதையின் அந்த ஓலையோடு நேராகப் போய்ச் சேருகிறது. ரசிகர் புனைகதைக்கே உரிய பலம் இதுதான். வாசகனுக்கு முன்பே தெரிந்திருக்கும் ஒன்றை ஒரு வாக்கியத்தால் தொட்டுவிட்டால் போதும். மீதியை அவன் மனமே எழுதிக்கொள்ளும்.

அழைக்கும் முறையில் பிழை செய்யாதீர்கள். சபையில் ‘சக்கரவர்த்தி’ என்றும் ‘தாங்கள்’ என்றும் பேசுகிற அதே மகள், தனியறையில் ‘அப்பா’ என்பாள். தாயார் மகனை ஊரார் முன்னிலையில் ‘இளவரசர்’ என்று சொல்லிவிட்டு, அந்தப்புரத்தில் ‘என்னடா இளைத்துவிட்டாய்’ என்பாள். கோபத்தில் இந்த வழக்கம் தலைகீழாகும்: தனித்திருக்கையில் மகனை ‘இளவரசே’ என்று ஒரு தாய் அழைத்தாளானால், அதைவிடக் கடுமையான தண்டனை வேறு வேண்டியதில்லை.

சரித்திரத்தையோ சமய வரலாற்றையோ தொட்டு எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூலக்கதையில் அதிகம் பேசாத பெண்களிடம்தான் உங்களுக்கு இடம் நிறைய இருக்கிறது; ஆனால் அங்கேதான் மிகுந்த நிதானமும் வேண்டும். சுந்தர சோழரின் பட்டத்தரசி வானவன் மாதேவி கணவரோடு தீப்புகுந்ததை, ஸ்ரீபெரும்புதூருக்கு அதிக தூரமில்லாத திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கூறுகின்றன. இச்செய்தியை அறியாமல் அவளை விருந்து பரிமாறும் பாத்திரமாக்குவதும் பிழை. அறிந்தபின் அதைக் கண்ணீர்க் காட்சியாக்கிக் கைதட்டல் தேடுவது அதைவிடப் பெரும் பிழை. கணவர் நோயுற்றிருந்த காலமெல்லாம் அவள் மனத்தில் அந்த முடிவு இருந்ததா என்று யோசித்து, அவளுடைய அன்றாடப் பேச்சுக்கு அந்த நினைவை அடித்தளமாக வையுங்கள். அவ்வாறே, இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் சொல்லப்படும் குருபரம்பரைக் கதைகளில், அவருடைய வேஷத்தில் சென்ற கூரத்தாழ்வான் கண்ணிழக்கக் காரணமான சோழ மன்னன் கோபமன்றி வேறொன்றும் இல்லாதவனாக வருகிறான். பக்தியோடு எழுதப்பட்ட நூலுக்கு அது போதும். நீங்கள் எழுதப்போகும் கதைக்குப் போதாது. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள், அன்றிரவு அவன் அவள் முகத்தில் விழித்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் பெரியவர்களைக் கொண்டு கதையை நிரப்பிவிடாதீர்கள். பத்து அத்தியாயத்துக்கு இரண்டு இடங்களில் ஓர் அரசர் நன்றாக வந்தால் அதிகம். அவருடைய பூர்வகதை நீண்டு கதாநாயகியை மறைக்குமானால், அதை வெட்டி எடுத்துத் தனிக்கதையாக எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயமும் ஒன்று உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றின் பாத்திரங்களைக் கொண்டு எழுதத் தடையில்லை. ‘பாகுபலி’யும் டோல்கீனின் படைப்புகளும் அப்படியல்ல, அவற்றை வைத்து எழுதியதை விலைக்கு விற்காதீர்கள். எதுவாயினும் மூல ஆசிரியரின் பெயரை முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்த அதிகாரத்துக்குப் போகுமுன் ஒரு பயிற்சி. நீங்கள் இப்போது எழுதிவரும் கதையில் வாயிற்படியில் நிற்கும் தாயையோ அரசனையோ ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். கதாநாயகன் அவர் முன் வந்து நிற்பதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், யாருக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது, எதை மறைத்தார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எவருக்கும் காட்டவேண்டாம், கதையிலும் சேர்க்கவேண்டாம். அதை எழுதி முடித்த கையோடு அவர் பேசும் காட்சியை மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள்.